யார்க்டவுன் நாடகத்தில் முரசு எப்போது ஒலிக்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படை சரணடைந்த 1781 யார்க்டவுன் முற்றுகையை வைத்துக் கல்லூரியில் நாடகம் போடுகிறோம். போர்க்காட்சி முழுக்கப் பின்னணியில் முரசும் டிரம்பெட்டும் ஒலிக்கலாமா? முரசடிக்கச் சிறுவனைத்தான் நிறுத்த வேண்டுமா?

பதில்: பின்னணியாக ஓடவிடாதீர்கள். அந்தக் காலக் காலாட்படையில் முரசுதான் தளபதியின் குரல். விடியலில் எழுப்புவது, அணிசேர்ப்பது, விறகுக்கும் தண்ணீருக்கும் ஆளனுப்புவது, இரவில் முகாமை அடக்குவது எல்லாம் அதன் வேலை. அமெரிக்கப் படைக்காக பிரஷ்ய அதிகாரி ஃபான் ஸ்டாய்பன் தயாரித்த 1779ஆம் ஆண்டு விதிநூலில் ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம் உண்டு. சாதாரண நடை நிமிடத்துக்கு 75 காலடி, விரைவு நடை 120. ஆகவே மேடையில் உத்தரவு பிறக்கும் இடத்தில் மட்டும் முரசு கேட்கட்டும்.

டிரம்பெட் குதிரைப்படைக்கு உரியது. அதிலும் வால்வு வைத்த இன்றைய டிரம்பெட் 19ஆம் நூற்றாண்டில் வந்தது, வேண்டவே வேண்டாம். முரசோடு ஃபைஃப் என்ற சிறு குழல் போதும்.

சிறுவன் கட்டாயமில்லை. முரசடித்தவர்களில் பலர் வளர்ந்த ஆண்கள். பிரிட்டிஷ் படையில் குற்றவாளிகளுக்குக் கசையடி கொடுத்ததும் இவர்கள்தான்.

உங்கள் நாடகத்தின் உச்சம் அக்டோபர் 17 காலை. பிரிட்டிஷ் அரண் மேல் ஒருவர் ஏறி நின்று, பேச்சுவார்த்தைக்கு அழைக்கும் தாளத்தை அடிக்கிறார். பீரங்கிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. எதிரே இருந்த அமெரிக்க அதிகாரி எபனேசர் டென்னி, அந்தச் சிவப்புக் கோட்டு கண்ணில் பட்டிராவிட்டால் அவர் காலமெல்லாம் அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டியதுதான் என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். பீரங்கிகள் நின்றதும் கேட்ட அந்த ஒற்றை முரசுக்கு ஈடாக எதையும் கேட்டதில்லை என்கிறார். முரசுக்காரர் ஏறியதுமே வெள்ளைக் கைக்குட்டையோடு ஒரு பிரிட்டிஷ் அதிகாரியும் வெளியே வருகிறார்; பீரங்கிகள் நிற்பது அதற்குப் பிறகுதான். அமெரிக்கர் ஒருவர் ஓடிப்போய் அதே கைக்குட்டையால் அவர் கண்ணைக் கட்டுகிறார். முரசுக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதை அப்படியே மேடையேற்றுங்கள். முதலில் கை அசைவது மட்டும் தெரியட்டும். குண்டுச் சத்தம் நின்ற பிறகே ஒலி வரட்டும். ஒலிப்பதிவு வேண்டாம், நேரில் அடிக்கச் சொல்லுங்கள்.

உடையில் ஒரு கவனம்: பிரிட்டிஷ் முரசுக்காரர்களின் கோட்டு பெரும்பாலும் தலைகீழ் நிறம். சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டில் மஞ்சள் பட்டி (காலர், கைமடிப்புத் துணி) என்றால், இவருக்கு மஞ்சள் கோட்டில் சிவப்புப் பட்டி. நீலப்பட்டி போட்ட அரச ரெஜிமென்ட்டுகளில் மட்டும் இவருக்கும் சிவப்புதான். டென்னி பார்த்தது சிவப்பு என்பதால், இவருக்கு நீலப்பட்டியோடு சிவப்புக் கோட்டு கொடுங்கள்.

அக்டோபர் 19 சரணடையும் காட்சியும் உண்டென்றால், பிரிட்டிஷ் படையும் அதனுடன் இருந்த ஜெர்மன் படையும் கொடிகளைச் சுருட்டி உறையிட்டு, பிரிட்டிஷ் அல்லது ஜெர்மன் அணிநடை மெட்டை அடித்தபடி வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அங்கே தோற்றவர்களை அமெரிக்க மெட்டு வாசிக்க விட்டுவிடாதீர்கள்.