ஓட்டுச்சீட்டில் பெயர் எழுதும் நாடு

கேள்வி: அவ்வளவு படித்த ஜப்பானில் புதிய மதங்கள் அரசியலை ஆட்டிவைக்கின்றனவாமே? முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே கொலைவரை போய்விட்டதே. எல்லோரையும் மூளைச்சலவை செய்துவிட்டார்களா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மூளைச்சலவை! இந்தச் சொல்லை இந்தப் பக்கத்திலிருந்து விரட்ட நானும் பார்க்கிறேன். யாராவது ஒருவர் மறுபடி கூட்டிவந்துவிடுகிறார். அரசியல்வாதியைத் தப்பவிடுகிற சொல் இது. குரு மயக்கினார், பக்தர் மயங்கினார் என்று கதை முடிந்துவிடும். அந்தப் பக்தரின் உழைப்பில் எம்.பி. ஆனவர் கதைக்குள்ளேயே வரமாட்டார்.

ஜப்பானியத் தேர்தல் சட்டத்தைப் பாருங்கள், எல்லாம் விளங்கும். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது அங்கே குற்றம். கீழவைத் தேர்தலுக்குப் பிரச்சாரம் 12 நாள்தான். வண்டியில் மைக் பிடிப்பவர், அலுவலக எழுத்தர் என்று சிலருக்கு மட்டுமே கூலி தரலாம். தொலைபேசியில் ஓட்டுக் கேட்பவருக்குக் காசு கொடுத்தால் லஞ்சக் குற்றம். தொகுதி வேட்பாளர் 70,000 துண்டறிக்கை வரை விநியோகிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் தேர்தல் அதிகாரிகள் தரும் சிறு முத்திரைத்தாளை ஒட்டியாக வேண்டும். 35,000 அஞ்சலட்டைக்கு முகவரி வேண்டும். 12 நாளில் இதைச் சம்பளமில்லாமல் செய்ய யார் வருவார்கள்? நாற்பது பேர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தால், அவர்கள் எந்தச் சபை என்று எந்த வேட்பாளரும் கேட்பதில்லை.

அதோடு, அங்கே ஓட்டுச்சீட்டில் சின்னம் கிடையாது, அச்சிட்ட பெயர் கிடையாது. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு: தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு விகிதாசார ஓட்டு ஒன்று. இரண்டிலும் பென்சிலால் பெயரை அவர்தான் எழுதவேண்டும். அதனால்தான் சுவரொட்டிகளில் கடினமான சீன எழுத்தை விட்டுவிட்டு எளிய ஹிராகானா ஒலியெழுத்தில் பெயர் போடுகிறார்கள். இரண்டு கட்சிகள் ‘ஜனநாயகக் கட்சி’ என்ற ஒரே சுருக்கப் பெயரைப் பதிந்துகொண்டதால், அப்படி எழுதிய சீட்டுகளை அவற்றின் மற்ற ஓட்டுகளின் விகிதப்படி தசமப் புள்ளி போட்டுப் பிரித்துக்கொடுத்தார்கள். சொல்ல வந்தது இதுதான்: வாக்காளரின் நினைவில் பெயர் நிற்கவேண்டும். அதற்குத் தெரிந்தவர் ஒருவர் நாலுமுறை சொல்லவேண்டும்.

அந்தத் தெரிந்தவர்களைப் பெருமளவில் வைத்திருந்தது சோகா கக்காய். நிச்சிரென் என்ற ஜப்பானியத் துறவியின் வழியில் 1930ல் தொடங்கிய பௌத்த அமைப்பு. 1964ல் கோமெய்தோ கட்சியைத் தந்தது. உறுப்பினர் தன் பழைய வகுப்புத் தோழியை அழைத்து ஓட்டுக் கேட்பதற்கு அங்கே ‘நண்பர் ஓட்டு’ என்றே பெயர். ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியோடு 1999ல் கூட்டணி. தொகுதியில் அவர்களுக்கு, விகிதாசாரத்தில் எங்களுக்கு என்பது ஏற்பாடு. பாதிப்பேர் ஓட்டுப்போட வராத நாட்டில், மழையானாலும் வந்துவிடும் ஓட்டுக்கு மதிப்பு இரட்டிப்பு. ஆனால் அந்தத் தோழிகளுக்கும் வயதாகிவிட்டது. 2005 கீழவைத் தேர்தலில் 90 லட்சத்தை நெருங்கிய கோமெய்தோவின் விகிதாசார ஓட்டு, 2025 மேலவைத் தேர்தலில் 52 லட்சம். அதே ஆண்டு அக்டோபரில் கூட்டணியும் முறிந்தது. கோமெய்தோ சொன்ன காரணம் மதம் அல்ல, கட்சி நிதி விவகாரம்.

நீங்கள் கேட்ட கொலைக்கும் சோகா கக்காய்க்கும் தொடர்பில்லை. எல்லாப் புதிய மதங்களையும் ஒரே கூடையில் போடுகிற பத்திரிகைகளோடு எனக்கு இது பழைய சண்டை. 1838ல் தொடங்கிய தென்ரிக்யோவும் அங்கே ‘புதிய’ மதம்தான். அதற்கும் 1995ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் வாயுவை விட்ட ஓம் ஷின்ரிக்யோவுக்கும் என்ன உறவு? 2022 ஜூலை 8ல் நாராவில் ஷின்சோ அபேயைச் சுட்டவரின் தாய், கொரியாவில் பிறந்த யூனிஃபிகேஷன் சர்ச்சுக்குச் சுமார் 10 கோடி யென் கொடுத்துத் திவாலானவர். அபேயின் பாட்டனாரான முன்னாள் பிரதமர் நோபுசுகே கிஷி காலத்திலேயே கம்யூனிச எதிர்ப்பு என்ற பெயரில் அந்தச் சபைக்கு லிபரல் ஜனநாயகக் கட்சிக்குள் வழி திறந்தது. கொலைக்குப் பின் அக்கட்சி தன் எம்.பி.க்கள் 379 பேரைக் கேட்டபோது, 179 பேர் ஏதோ ஒரு தொடர்பை ஒப்புக்கொண்டார்கள். இவர்களில் யார் மூளையை யார் சலவை செய்தார்கள்?

2025 மார்ச் 25ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சபையைக் கலைக்க உத்தரவிட்டதும் மயக்கத்தை அளந்து அல்ல. 1,500க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 2,040 கோடி யென் இழப்பு என்று கணக்குப் பார்த்தது. முன்னோர் பாவம் தீரும் என்று ஜாடியையும் முத்திரைக் கட்டையையும் விற்ற பணம் அதில் உண்டு. கலைப்பு என்றால் சட்டப்பூர்வ அந்தஸ்தும் வரிச்சலுகையும் போகும். கூடி வழிபடத் தடையில்லை.

எனக்கு ஆறாதது 2022 டிசம்பரில் அவசரமாகக் கொண்டுவந்த நன்கொடைச் சட்டம். வீட்டை விற்றோ கடன் வாங்கியோ கொடு என்று கேட்பதைத் தடுத்தார்கள், நல்லது. கொடுத்தவரின் பிள்ளைகள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றார்கள். ஆனால் தங்களுக்குச் சேரவேண்டிய பராமரிப்புத் தொகை அளவுக்குத்தான். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது என்றால் அவன் சார்பில் சட்டப்படி பேசவேண்டியவர் பெற்றோர். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே.