கிறீம் சரிகிறதா? மெழுகு வாங்கும்போது உருகும் பாகையைக் கேளுங்கள்

கேள்வி: ஐஸ்கிறீம் கிண்ணம், கேக் துண்டு போன்ற மெழுகுதிரிகள் செய்து பழகுகிறேன். இணையத்தில் விற்கும் ஒருவரிடம் சோயா மெழுகும் திரியும் அடங்கிய பொதி வாங்கினேன். மேலே பிழிந்த கிறீம் காலையில் அச்சொட்டாக நின்றது. மத்தியானத்துக்குள் சரிந்து, எண்ணெய் கசியத் தொடங்கிவிட்டது. மெழுகில் கலப்படமா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: கலப்படமாக இருக்க வாய்ப்புக் குறைவு. உங்களுக்கு வந்தது கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றும் வகைச் சோயா மெழுகாக இருக்கும். அது உருகுவது ஏறத்தாழ 45 முதல் 55 பாகை செல்சியஸில். உருக முன்னரே இளகும், எண்ணெயும் விடும். குவளைக்குள் இருந்தால் அது ஒரு குறையே இல்லை. தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் கிறீம் போல நிற்க வேண்டுமென்றால் அதனால் முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் வெயில் 34, 35 பாகைக்குப் போகிறது. தகரக் கூரை வீட்டுக்குள் அதைவிடக் கூடும். குளிர்நாட்டில் எடுத்த காணொளியைப் பார்த்து அதே மெழுகை இங்கே வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

அதனால் காசு கொடுக்க முன்னர் இரண்டு விடயம் கேளுங்கள்: இது எத்தனை பாகையில் உருகும், குவளைக்கா அச்சுக்கா? விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். பரபின் மெழுகில் 58/60 என்றொரு தரம் உண்டு. அந்த இலக்கங்கள் உருகும் பாகையைத்தான் குறிக்கின்றன. பிழியும் கிறீமுக்கும் அச்சில் வார்க்கும் பழங்களுக்கும் அது பொருந்தும். தேன்மெழுகு 62 பாகைக்கு மேலேதான் உருகும், ஆனால் மஞ்சள் நிறம். வெள்ளைக் கிறீமுக்குச் சரிவராது. கையிலிருக்கும் சோயாவை வீசிவிடாதீர்கள், கிண்ணத்தின் அடிப்பகுதிக்கு அதையே ஊற்றலாம். பழகுவதற்கென்று விலை கூடிய மெழுகும் தேவையில்லை. மின்வெட்டுக்கு வாங்கும் சாதாரண வெள்ளை மெழுகுதிரியும் பெரும்பாலும் பரபின்தான். உருக்கி, பழைய திரியை எடுத்துவிட்டால் போதும்.

கிறீம் அடிக்கும் பக்குவத்தையும் சொல்கிறேன், பலருக்குப் பிசகுவது அங்கேதான். மெழுகை நேரே அடுப்பில் வைக்காமல், சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு தகரப் பேணியை வைத்து அதில் உருக்குங்கள். இறக்கி ஆறவிட்டு, ஓரம் வெளிறி மேலே ஆடை படரும்போது முள்ளுக்கரண்டியால் அடியுங்கள். நுரைத்துத் தடித்ததும் பெரிய நட்சத்திர வாயுள்ள ஐசிங் பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உடனே பிழிய வேண்டும். பரபின் பைக்குள்ளேயே இறுகிவிடும், ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். எவ்வளவு மெழுகு வேண்டும் என்று பார்க்கக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அளந்தால் போதும்: 200 மில்லிலீற்றர் பிடித்தால் சுமார் 180 கிராம் மெழுகு. தற்செயலாகத் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி அடுப்பை நிறுத்துங்கள்.

பணம் திரும்பக் கிடைப்பது விளம்பரத்தில் என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. வெறுமனே ‘சோயா மெழுகு’ என்று விற்றிருந்தால் உங்கள் பக்கம் வலுவில்லை. ‘கிறீம் பிழிய உகந்தது’ என்று எழுதியிருந்தால், தவறான தகவல் தந்து விற்றதாக முறையிடலாம். முதலில் விற்றவருக்கே எழுதுங்கள். சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். விளம்பரத்தின் படம், பற்றுச்சீட்டு, பணம் அனுப்பிய குறுஞ்செய்தி மூன்றும் கையில் இருக்கட்டும். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கேக்குக்குப் போடும் நிறமும் வனிலா எசன்ஸும் வீட்டில் இருக்கின்றன. அவற்றையே மெழுகில் சேர்க்கலாமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம். கேக் நிறம் பெரும்பாலும் தண்ணீரில் கரைவது. மெழுகோடு சேராமல் அடியில் புள்ளிபுள்ளியாகத் தங்கும். எசன்ஸும் அப்படித்தான். எண்ணெயில் கரையும் மெழுகுதிரி நிறமே வாங்குங்கள். பிள்ளைகளின் மெழுகுக் கிறேயான் நல்ல நிறம் தரும், ஆனால் அதன் பொடி திரியை அடைத்துச் சுடரைச் சிறிதாக்கும். கொளுத்தாமல் அலங்காரத்துக்கு வைப்பதென்றால் பாதகமில்லை. வாசனை எண்ணெய் 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 10 கிராம் வரை போதும், கூட ஊற்றினால் மெழுகு கக்கிவிடும். இன்னொன்று: வனிலா வாசனையில் உள்ள வனிலின் நாள் போகப் போக மெழுகைப் பழுப்பாக்கும். அடியிலுள்ள கேக் நிறப் பகுதிக்கு மட்டும் அந்த வாசனையைச் சேருங்கள். கிறீம் வெள்ளையாகவே இருக்கும்.

கேள்வி: நிலாவெளிக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு விற்கலாம் என்று ஃபலூடா கிளாசில் ஊற்றி, மேலே ஸ்ட்ரோபெரி வைத்துச் செய்திருக்கிறேன். பார்த்தவர்கள் நிஜம் என்றே நினைக்கிறார்கள். விற்பனைக்கு முன் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?
– வாசகர், நிலாவெளி

பதில்: நிஜம் என்றே நினைப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பெரியவர் கையில் எடுத்ததும் கண்டுபிடித்துவிடுவார். ஸ்ட்ரோபெரி மணக்கும் சிவப்பு உருண்டையைக் கண்ட இரண்டு வயதுப் பிள்ளை நேரே வாயில்தான் போடும். தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும்? உணவென்று மயங்கிப் பிள்ளைகள் விழுங்கக்கூடிய ஆபத்தான பொருட்களைத் தடுக்க ஐரோப்பாவில் 1987இலேயே சட்டப் பணிப்புரை வந்துவிட்டது. உங்களிடம் வாங்குவோரில் பலர் அந்த நாட்டவர்கள். கழன்று வரும் சிறு பழங்களை நிறுத்திவிட்டு, கிண்ணத்தோடு ஒட்டிய பெரிய வடிவங்களாகச் செய்யுங்கள். ‘இது மெழுகுதிரி, உண்ணக் கூடாது’ என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டுங்கள். இனிப்புப் பெட்டியில் வைத்துக் கொடுக்காதீர்கள். சிறு பிள்ளையோடு வருபவருக்கு விற்பதைத் தவிர்த்தால் இன்னும் நல்லது.

அப்புறம் அந்த ஃபலூடா கிளாஸ். மெல்லிய கண்ணாடி சூட்டில் வெடிக்கும், உயரமான கால் இருந்தால் கவிழும். தடித்த, அடி அகன்ற கண்ணாடி எடுங்கள். கிறீம் விளிம்புக்கு மேலே நின்றால் கொளுத்தியதும் உருகி மேசையில் வழியும், அதனால் விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். திரியை ஆறு மில்லிமீற்றருக்கு வெட்டி, ஒன்றை நான்கு மணித்தியாலம் பக்கத்திலிருந்தே எரித்துப் பாருங்கள். கண்ணாடி கைவைக்க முடியாதபடி சுட்டாலோ கரும்புகை வந்தாலோ திரியின் தடிப்புக் கூடிவிட்டது. மெல்லியதாக மாற்றி மறுபடி எரித்துப் பார்த்த பிறகு விலை போடுங்கள்.