லிம்போமா வந்தவருக்கு கை நடுக்கம், நடை தள்ளாட்டம்: மூளைக்குப் பரவியிருக்குமா?

லிம்போமாங்கிற நிணநீர் கேன்சருக்கு ஆர்-சாப்ங்கிற கூட்டு மருந்து கீமோ முடிஞ்ச அப்பாவுக்கு இப்ப கை நடுங்குது, நடை இழுக்குது, பார்கின்சன்னு மாத்திரை குடுத்திருக்காங்க, கேன்சர் மூளைக்குப் போயிருக்குமான்னு கேட்டிருக்கீங்க. வாய்ப்பு இருக்குங்க. அடுத்த ரிவியூ வரைக்கும் காத்திருக்காம உடனே கேன்சர் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்ங்கிற லிம்போமா வகை, விரையில ஆரம்பிச்சது. கீமோ முடிச்சு நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு சட்டை பட்டனை விரல்ல பிடிச்சுக்கிட்டு ஓட்டைக்குள்ள தள்ள முடியாம நிப்பாரு, முகத்துல ஒரு சிரிப்பு இல்ல, பேச்சும் மெதுவாயிடுச்சு, எல்லாமே சில வாரத்துக்குள்ள. பார்கின்சன் இவ்ளோ வேகமா ஏறாது, அது வருஷக்கணக்குல மெல்ல மெல்ல வர்றது. பார்கின்சனுக்கு குடுக்குற லெவோடோபா மாத்திரை குடுத்தும் கேக்கல. காண்ட்ராஸ்ட் போட்டு எம்ஆர்ஐ எடுத்தப்பதான் மூளைக்குள்ள பேசல் கேங்லியாங்கிற இடத்துல கட்டி இருக்கறது தெரிஞ்சுது, கை கால் அசைவை கட்டுப்படுத்துறதுல அந்த இடத்துக்கு முக்கிய பங்கு இருக்காம்.

ஆர்-சாப்ல இருக்கற ரிட்டுக்சிமாப் மருந்து ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள சரியா போகாது, அதனால உடம்பு பூரா க்ளியர் ஆனாலும் அங்க வரலாம். விரை, கிட்னி, கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பியில லிம்போமா இருந்தவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி. ஆனா இந்த வகைல மொத்தமா பாத்தா 100 பேர்ல சுமார் 5 பேருக்குத்தான் மூளைக்குப் போகுது, அதனால இப்பவே மனசை விட்டுடாதீங்க. வாந்திக்கு குடுக்குற மெட்டோகுளோப்ரமைடும் அச்சு அசல் பார்கின்சன் மாதிரியே நடுக்கம் கொண்டு வரும், ஆர்-சாப்ல இருக்கற வின்கிரிஸ்டின் நரம்பை பாதிச்சு நடையை கெடுக்கும், ஸோ வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க.

ஸ்டீராய்டு பத்தி கண்டிப்பா கேளுங்க. பயாப்ஸிக்கோ முதுகுத் தண்டுல நீர் எடுக்கறதுக்கோ முன்னாடி அதை குடுத்தா லிம்போமா தற்காலிகமா சுருங்கி ரிசல்ட்ல ஒண்ணும் தெரியாம போயிடலாம். மூளை வீக்கம் அதிகமா இருந்தா குடுத்தே ஆகணும், அது அவங்க முடிவு.

சித்தப்பாவுக்கு ஹை டோஸ் மெத்தோட்ரெக்சேட்ங்கிற கீமோ மருந்தை அட்மிட் பண்ணித்தான் ஏத்துறாங்க, சலைன், சோடா பைகார்ப் ஓடிட்டே இருக்கும், யூரின் பிஹெச் 7-க்கு கீழ இறங்காம செக் பண்ணிட்டே இருப்பாங்க, அப்புறம் லியூக்கோவோரின். சலைனும் பைகார்பும் கிட்னிக்காக, லியூக்கோவோரின் உடம்புல இருக்கற நல்ல செல்களைக் காப்பாத்த. இப்ப அவரே சாதம் பிசைஞ்சு சாப்பிடுறாரு, நடை மட்டும் இன்னும் முழுசா வரல, அடுத்து ஆட்டோ டிரான்ஸ்பிளான்ட் (அவரோட ஸ்டெம் செல்லையே எடுத்து வச்சு திரும்ப ஏத்துறது) பத்தி பேசிட்டிருக்காங்க.

அப்பா நடக்கறது, திரும்பறது, பட்டன் போடறது மூணையும் போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, டாக்டர் ரூம்ல உக்காந்திருக்கறப்ப இது எதுவும் சரியா தெரியாது.