ராக்கோழிகளும் விடியலில் எழுபவர்களும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நான் இரவு 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்துவிடுவேன். கணவருக்கு 1 மணிக்கு முன் கண் மூடாது, 8.30 வரை தூங்குகிறார். அவருடைய அம்மாவே அவரைச் சோம்பேறி என்கிறார். இது பழக்கமா, உடம்பு வாகா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தூங்குவது ஏழு மணி நேரம், அவர் ஏழரை. அளவில் அரை மணிதான் வித்தியாசம். மூன்று மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்தச் சண்டையில் திட்டு வாங்குவது எப்போதும் பின்னால் எழுபவர்தான். அது நியாயமில்லை.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. அதன் ஒரு சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். தினமும் கண்ணில் விழும் வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. யாருக்கு எவ்வளவு முந்தும், பிந்தும் என்பதில் மரபணுவுக்கும் வயதுக்கும் பெரிய பங்கு உண்டு, பழக்கத்துக்கும் உண்டு. அவருடைய உண்மையான நேரம் தெரிய, அலாரம் இல்லாத நீண்ட விடுமுறையில் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாளை விட்டுவிடுங்கள், அது பழைய தூக்கக் கடன் தீர்வது. அதன் பிறகு எப்போது தூங்கி எப்போது எழுகிறாரோ, அதுதான் அவருடைய கடிகாரம்.

கேள்வி: 17 வயது மகன் விடுமுறையில் இரவு 2 மணிக்குப் படுத்து 10 மணிக்கு எழுகிறான். மூன்று வாரத்தில் பள்ளி திறக்கிறது, 6.30க்கு எழ வேண்டும். இப்போதே 4.30க்கு எழுப்பிப் படிக்க வைக்கிறேன். இரவில் இன்னும் தாமதமாகத்தான் தூங்குகிறான். ஏன்?

அவன் அடம் பிடிக்கவில்லை. நீங்கள் எழுப்பும் நேரம்தான் எதிராக வேலை செய்கிறது. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால் உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலைக்கு வரும். அவனுக்கு அது 7, 8 மணிவாக்கில். அந்தப் புள்ளிக்கு முன் கண்ணில் படும் பலமான வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; அதற்குப் பின் படுவதுதான் முன்னுக்கு இழுக்கும். 4.30க்கு டியூப்லைட் போட்டு உட்கார வைத்தால், “இன்னும் பகல் முடியவில்லை” என்றே அவன் மூளை எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, பருவ வயதில் கடிகாரம் தானாகவே பின்னால் நகரும். இருபது வயதுவரை அப்படித்தான் இருக்கும், பிறகு மெல்லத் திரும்பும்.

தள்ள வேண்டியது மூன்றரை மணி நேரம். மூன்று நாளுக்கு ஒரு முறை அரை மணி என்று வைத்தால் ஏழு படியில், 21 நாளில் முடியும். முதல் மூன்று நாள் 9.30க்கு எழட்டும், அடுத்த மூன்று நாள் 9க்கு, இப்படியே. எழும் நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும், படுக்கும் நேரத்தை அல்ல. வழக்கமான தூக்கத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு மிக விழிப்பாக இருக்கும் நேரம். அப்போது படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டே கிடப்பான். நாளடைவில் படுக்கை என்றாலே எரிச்சல் வரும்.

எழுந்த அரை மணிக்குள் வெளியே போய் 30 நிமிடம் நடக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதாது. வீட்டு விளக்கில் கிடைப்பது அதிகம் போனால் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான பகலிலும் வெளியே சில ஆயிரம் இருக்கும். மாலையில் இதற்கு நேர்மாறு: படுக்க நினைக்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே தலைக்கு மேலுள்ள விளக்கை அணைத்து, மஞ்சள் ஒளி தரும் மேசை விளக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். மதியம் 2 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும். பகல் தூக்கம் 20 நிமிடம், மூன்று மணிக்கு முன்.

பெரும்பாலான வீடுகளில் திட்டம் உடைவது சனிக்கிழமை. “பாவம், தூங்கட்டும்” என்று 11 வரை விட்டால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கள் காலை பழைய கதைதான். விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள விடாதீர்கள்.

கேள்வி: நான் 9.30க்குத் தூங்கிவிடுகிறேன். மனைவி 12.30க்கு அறைக்குள் வரும்போதெல்லாம் விழித்துவிடுகிறேன்.

ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்திலேயே முடிந்துவிடும். அவர் நுழையும்போது உங்கள் தூக்கம் மேலோட்டமாகியிருக்கும். கீல் சத்தமே போதும். கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். மாற்றுடை, சார்ஜர், தண்ணீர் எல்லாம் அறைக்கு வெளியே இருக்கட்டும். கதவடியில் ஒளி வராமல் துணி வையுங்கள், போர்வை ஆளுக்கு ஒன்று. விடியலில் நீங்களும் இதே மரியாதையைத் தர வேண்டும்: ஒலிக்கும் அலாரம் வேண்டாம், தலையணைக்கடியில் அதிர்வு மட்டும். இன்னொன்று. 9 மணிக்கு அவரும் உங்களோடு வந்து படுத்துப் பேசிக்கொண்டிருந்து, நீங்கள் தூங்கியதும் எழுந்து போகட்டும். நேரம் ஒத்துப்போகாத தம்பதிகள் இழப்பது பெரும்பாலும் அந்த அரை மணியைத்தான்.

கேள்வி: அப்பா 8 மணிக்கே படுத்து 3.30க்கு எழுந்து வீட்டையே எழுப்புகிறார்.

வயதானால் கடிகாரம் முன்னால் நகர்வது இயல்பு. மாலை 7 மணிக்கு நாற்காலியில் தூங்கி வழிய விடாதீர்கள். அந்த நேரம் வெளிச்சமான இடத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கட்டும். காலை நடையை மாலைக்கு மாற்றுங்கள். 3.30க்கு விழித்தாலும் பெரிய விளக்கு போட வேண்டாம். புதிதாக இப்படி விழிப்பு வந்து மனமும் சோர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மெலடோனின் மாத்திரை வாங்கித் தரலாமா?

நீங்களாக வேண்டாம், பிள்ளைகளுக்கு நிச்சயம் வேண்டாம். மெலடோனின் இரவில் மூளை சுரக்கும் ஹார்மோன், கடிகாரத்துக்குத் தரும் சமிக்ஞை. தவறான நேரத்தில் போட்டால் தவறான பக்கம் தள்ளும். மேலே சொன்னதை ஒழுங்காகச் செய்தும் மூன்று மாதத்துக்கு மேல் படிப்போ வேலையோ கெடுகிறது என்றால் தூக்க மருத்துவரைப் பாருங்கள். போகும்போது 14 நாள் குறிப்பு கையில் இருக்கட்டும், ஒரு நாளுக்கு ஒரு வரி: “செவ்வாய்: படுத்தது 11.40, தூங்கியது சுமார் 1.30, விழித்தது 6.30 (அலாரம்), பகல் தூக்கம் 40 நிமிடம், கடைசி காபி 5 மணி.”