ஒப்புதல் யார் கையில்? ஆவண மென்பொருள் ரோல்கள்: கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி, ஆபீசில் 9 பேர். பர்ச்சேஸ் ஆர்டர், பில் எல்லாம் மென்பொருளில்தான் ஒப்புதலுக்குப் போகின்றன. தொந்தரவு வேண்டாமென்று எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிட்டோம். தவறா?

பதில்: தவறுதான், உடனே மாற்றுங்கள். அட்மின் நினைத்தால் ஒப்புதல் வரிசையையே மாற்றிவிடலாம். தான் போட்ட பில்லைத் தானே பாஸ் செய்துகொள்ளலாம். உங்கள் ஆட்கள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். நாளை ஒரு பில்லில் தொகை உதைத்தால் சந்தேகம் 9 பேர் மேலும் விழும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வங்கியில் வவுச்சர் போடுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் இன்னொருவர், மேக்கர்-செக்கர் என்பார்கள். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பதிபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர், பார்க்க மட்டும் முடிகிறவர் என்று நாலு ரோல் உங்களுக்குப் போதும். மேனேஜரே ஆர்டர் போட்டால் அது முதலாளியிடம் போகும்படி அமையுங்கள். அட்மின் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவரே இருந்து பாஸ்வேர்டைத் தொலைத்தால் திண்டாட்டம். அன்றாட வேலைக்கு அந்த இருவரும் வேறு ஐடியில் நுழைவது நல்லது.

கேள்வி: மேனேஜர் லீவில் போகும்போது பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். நான்தான் ஒப்புதல் போடுகிறேன். பிரச்சினை வருமா?

பதில்: வரும், உங்களுக்குத்தான். மென்பொருளின் பதிவேட்டில் அவர் பெயர் ஏறும், போட்டது நீங்கள். கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற விதி இந்தியக் கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரே பொய்யென்றால் அந்தப் பதிவால் என்ன பயன்? பெரும்பாலான மென்பொருள்களில் ஒப்புதலை இன்னொருவருக்கு மாற்றிவிடும் வசதி உண்டு. லீவு தொடங்கும் நாள், முடியும் நாள், உங்கள் பெயர் மூன்றையும் மேனேஜரே போட்டுவிட்டுப் போகட்டும். உங்கள் ஐடியிலேயே ஒப்புதல் போடுங்கள். மேனேஜர் அதற்கு மறுத்தால், பாஸ்வேர்டு வேண்டாமென்று அவருக்கு மெயிலில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: கம்பெனி ஃபைல்களைப் பொதுவாக வைத்திருக்கும் கூகுள் ஷேர்டு டிரைவில் டைப்பிஸ்ட்டுக்கு 'கான்ட்ரிப்யூட்டர்' ரோல் கொடுத்தேன். ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்த முடியவில்லை என்கிறார்.

பதில்: அந்த ரோல் அப்படித்தான். ஃபைல் சேர்க்கலாம், திருத்தலாம். நகர்த்தவோ குப்பைக்கு அனுப்பவோ முடியாது. அதற்கு 'கன்டென்ட் மேனேஜர்' வேண்டும். ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அவருடையது என்றால் தயங்காமல் கொடுங்கள். தெரியாமல் அழித்தாலும் 30 நாளைக்குள் குப்பையிலிருந்து மீட்டுவிடலாம்.

கேள்வி: ஆடிட்டருக்கு என்ன ரோல்?

பதில்: பார்க்க மட்டும். ஆடிட் முடியும் நாளோடு உரிமையும் முடியட்டும்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவரின் ஐடியை அழித்துவிடலாமா?

பதில்: முதலில் முடக்குங்கள், அழிப்பது கடைசி வேலை. அவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் ஆவணங்கள் அவர் பெயரிலேயே தேங்கி நிற்கும். அவற்றை அடுத்தவருக்கு மாற்றுங்கள். கம்பெனிகளுக்கான கூகுள் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால், அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கும் 'மை டிரைவ்' ஃபைல்களின் உரிமையையும் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் கணக்கை அழித்தால் ஃபைல்களும் போய்விடும். அழித்த கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். புதிதாக வருபவருக்குப் பழையவரின் ஐடியைப் பெயர் மாற்றிக் கொடுக்காதீர்கள். புது ஐடி திறந்து அதே ரோலைக் கொடுங்கள்.