பழைய ரிவால்வர் தோட்டாவில் கரிமருந்துக்குப் பதில் மாற்று மருந்து போடலாமா?

கேள்வி: ஊர் திருகோணமலை, இருப்பது ரொறொன்ரோ. 1870களில் செய்த ஸ்மித் அன்ட் வெசன் ரிவால்வர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, .44 ரஷ்யன் தோட்டா போடுவது. தோட்டாவை நானே நிரப்பப் போகிறேன். கரிமருந்து, அதாவது அந்தக் காலத்துப் புகை கக்கும் கறுப்பு வெடிமருந்து, எளிதில் கிடைப்பதில்லை. கடையில் பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன் என்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. அவற்றைப் போடலாமா? ஊருக்கு வரும்போது எடுத்து வரலாமா?

பதில்:

முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. நான் கனடாவில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கிழட்டு ரிவால்வர்களைச் சுட்டுப் பழகியவன். இப்போது திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன்.

தம்பி, மருந்து வாங்குவதற்கு முன் ரிவால்வரை நல்ல துப்பாக்கித் திருத்துநர் ஒருவரிடம் காட்டுங்கள். சிலிண்டர் ஆடுகிறதா, மேல் கொக்கி இறுக்கமாகப் பூட்டுகிறதா என்று அவர் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அலுமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். புகையில்லாத நவீன மருந்தை நினைத்தும் பார்க்காதீர்கள். கரிமருந்துக் காலத்துத் தோட்டாவில் ஒரு இயற்கையான காவல் இருந்தது: கோதை (தோட்டாவின் பித்தளைக் கூட்டை) நிரப்பினால் அதுவே உச்ச அளவு, அதற்கு மேல் போட இடமே இல்லை. சிலிண்டரையும் அந்த அழுத்தத்துக்குத்தான் செய்தார்கள். புகையில்லா மருந்தோ கோதின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இருமுறை விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, சிலிண்டர் பிளந்த பிறகுதான் தெரியும். கரிமருந்தைப் போலவே கோதை நிரப்பிச் சுடத் தக்கதாகச் செய்யப்பட்டவை என்பதால்தான் பைரோடெக்ஸ் போன்றவற்றை ‘மாற்று’ என்கிறோம்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது அளவில்தான். மாற்று மருந்தைத் தராசில் நிறுக்காதீர்கள், கரிமருந்து அளக்கும் அளவுக்குழாயில் கன அளவாக அளக்க வேண்டும். பைரோடெக்ஸ் அதே கன அளவுக்கு ஏறக்குறைய 30 வீதம் எடை குறைவு. கரிமருந்துக்குச் சொன்ன கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) கணக்கைத் தராசில் வைத்துப் போட்டால் அளவு மீறிவிடும். டிரிப்பிள் செவன் இன்னும் வேகமானது. கரிமருந்தின் வேகமே வேண்டுமென்றால் கன அளவிலும் 15 வீதம் குறைக்கச் சொல்கிறார்கள். பழைய தோட்டாவில் 23 கிரெயின் இருந்தது என்று எங்காவது படித்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் கோதின் அடி உள்ளே குழிவானது, இன்றைய கோதின் அடி தடிப்பு. அவ்வளவும் அடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளதைத் தாண்டாதீர்கள்.

மருந்துக்கும் ஈயக் குண்டுக்கும் நடுவில் காற்றிடைவெளி விடக்கூடாது. கரிமருந்துக்காரர் சிலர் இடைவெளியில் கோதுமை ரவையைக் கொட்டி நிரப்புவார்கள், நம் வீட்டில் உப்புமா கிண்டும் அதே சாமான். டிரிப்பிள் செவனுக்கு அந்த வேலை வேண்டாம், அழுத்தம் ஏறிவிடும் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அதை அதிகம் அமுக்கவும் கூடாது; பைரோடெக்ஸ் என்றால் இலேசாக அமுக்கலாம். குண்டு மென்மையான ஈயத்தில் இருக்கட்டும். அதற்குப் பூசத் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்தது நல்லது. பெற்றோலியக் கிரீஸ் கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இனித்தான் முக்கியமான விஷயம், துரு. மாற்று மருந்து துருப்பிடிக்க வைக்காது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். நம்பாதீர்கள். பைரோடெக்ஸில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருக்கிறது. அது எரிந்தால் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பின் நெருங்கிய உறவு. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு இரும்பில் குந்தியிருக்கும். கடற்காற்று ஜன்னல் கம்பியை என்ன பாடுபடுத்தும் என்று திருகோணமலையில் வளர்ந்தவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. துப்பாக்கிக் குழாய்க்குள் நடப்பதும் அதுதான், இன்னும் வேகமாக. கரிமருந்தின் கசடைவிடப் பைரோடெக்ஸின் கசடு மோசம் என்பது என் அனுபவம். டிரிப்பிள் செவனில் கந்தகம் இல்லை, கழுவுவதும் எளிது. அதனால் நான் அதன் பக்கம். எதைச் சுட்டாலும் அன்றிரவே வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். கோதுகளைச் சுட்ட இடத்திலேயே சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பித்தளை பச்சை பிடிக்கும்.

கரிமருந்தைவிட இவை தீப்பிடிக்க அதிக வெப்பம் கேட்கும் என்பது உண்மை. அதற்காக விளையாட்டுச் சாமான் இல்லை. பைரோடெக்ஸை உருவாக்கிய டான் பாவ்லக்கே தன் தொழிற்சாலையில் நடந்த விபத்தில் 1977இல் இறந்தார்.

அப்புறம், ஊருக்குக் கொண்டு வருவது. 1898க்கு முன் செய்த பழம்பொருள் துப்பாக்கி என்ற சலுகை கனடாச் சட்டத்துக்குரியது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் செல்லாது. இங்கே துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், மருந்துக்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம். பயணிகள் விமானத்தில் கரிமருந்தோ மாற்று மருந்தோ எந்தப் பையிலும் அனுமதியில்லை. வெடி வைத்து மீன் பிடிக்கப் போய்க் கை போனவர்கள் இருக்கும் கரை இது. வெடிமருந்து என்ற பேச்சை இங்கே யாரும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படம் மட்டும் போனில் கொண்டு வாருங்கள், பார்க்க எனக்கும் ஆசைதான்.