விசாரணைக்கு என்று அழைத்துச் சென்றவரைக் காவல் நிலையத்தில் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

கேள்வி: என் தம்பி வேலை செய்யும் நிறுவனத்தில் பணம் காணாமல் போனதாகப் புகார். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் காவலர்கள் வீட்டுக்கு வந்து, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லி அவனை அழைத்துப் போனார்கள். சனிக்கிழமை முழுவதும் பார்க்க விடவில்லை. ஞாயிறு பகல் 11 மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, 15 நாள் ரிமாண்ட் செய்துவிட்டார்கள். ஞாயிறு காலை 6 மணிக்குக் கைது செய்ததாகக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். இது சரியா? இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

பதில்: நீங்கள் சொல்வதை நிரூபிக்க முடியுமானால், இது சரியல்ல. கைது செய்யப்பட்ட எவரையும் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22(2) பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58-ஆம் பிரிவும் கூறுகின்றன. கைதான இடத்திலிருந்து நீதிமன்றத்துக்குச் செல்லும் பயண நேரம் மட்டுமே இதில் கழிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை விடுமுறை என்று எதற்கும் விலக்கு இல்லை. நீதிமன்றம் இயங்காத நாளில் நடுவரின் இல்லத்திலேயே நிறுத்தலாம்.

உங்கள் வழக்கில் முக்கியமான கேள்வி, அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதுதான். காவல் அதிகாரி கைதுக் குறிப்பாணையில் எழுதும் நேரம் அதைத் தீர்மானிப்பதில்லை. ஒருவர் தம் விருப்பப்படி எழுந்து வெளியே போக முடியாத நிலை எப்போது ஏற்பட்டதோ, அப்போதே காவல் தொடங்கிவிடுகிறது. 2025 ஜனவரியில் அமலாக்கத் துறை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அந்த வழக்கில் ஒருவரை முற்பகல் 11 மணிக்கே தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அதிகாரிகள், நள்ளிரவு கடந்து 1.15 மணிக்குக் கைது செய்ததாகப் பதிவு செய்து, அன்று பிற்பகல் 3 மணிக்கு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். காகிதக் கணக்கில் 24 மணி நேரம் ஆகவில்லை என்றாலும், 11 மணியிலிருந்தே நேரத்தை எண்ணிய உச்ச நீதிமன்றம், கைது சட்டவிரோதமாகிவிட்டது என்று கூறி அவருக்கு வழங்கப்பட்டிருந்த பிணையை உறுதிப்படுத்தியது. உங்கள் தம்பி வெள்ளி மாலை 6 மணி முதல் ஞாயிறு பகல் 11 மணி வரை, 41 மணி நேரம் காவலர் வசம் இருந்திருக்கிறார்.

ஆனால், அவர் தாமாகவே வந்தார், இரவில் வீட்டுக்குப் போய்விட்டு மறுபடியும் வந்தார் என்று காவல் துறை சொல்லக்கூடும் என்பதால், சான்றுகளை இன்றே திரட்டுங்கள். அவரை அழைத்துச் சென்றதைப் பார்த்த அக்கம்பக்கத்தாரின் பிரமாண வாக்குமூலங்கள், நீங்கள் காவல் நிலையத்துக்குப் போனதைக் காட்டும் கைப்பேசிச் செய்திகள், அவருடைய கைப்பேசி எப்போதிலிருந்து அணைந்திருந்தது என்ற விவரம் ஆகியவை உதவும். இவை எல்லாவற்றையும்விட வலுவானது காவல் நிலையத்தின் சிசிடிவி பதிவு. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமராக்கள் பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உத்தரவிட்டிருக்கிறது. எனவே அந்த மூன்று நாள் பதிவுகளை அழியாமல் பாதுகாக்கும்படி உங்கள் வழக்கறிஞர் மூலம் உடனே மனு செய்யுங்கள். இதில் தாமதம் செய்யவே கூடாது.

கைதுக் குறிப்பாணையின் நகலையும் வாங்கிப் பாருங்கள். அதில் குடும்பத்தாரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கைதானவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கைதுக்கான காரணங்கள் அவருக்குத் தெரிவிக்கப்பட்டனவா, உறவினருக்குத் தகவல் தரப்பட்டதா என்பதும் முக்கியம். மேலும், பணியாளர் செய்யும் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுகள். இத்தகைய குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்பதை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், அவசியமில்லையென்றால் ஆஜராகும்படி அறிவிப்பு மட்டுமே தர வேண்டும். அந்தக் காரணங்களைப் பார்க்காமல் நடுவர் ரிமாண்ட் செய்யக்கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறியிருந்தும், இன்றும் பல இடங்களில் ரிமாண்ட் இயந்திர கதியில் நடப்பது வேதனைக்குரியது.

இந்த மீறல்களால் வழக்கே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். புலனாய்வு தொடரும். ஆனால் பிணை மனுவில் இவை முதன்மையான வாதங்கள். சனிக்கிழமை இரவே நீங்கள் கேட்டிருந்தால், காவலில் உள்ளவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்லியிருப்பேன். நடுவரின் ரிமாண்ட் உத்தரவு வந்துவிட்ட நிலையில் பிணை மனுவே நேரான வழி.

இனி எத்தனை நாள் என்பதற்கு வருகிறேன். தற்போது அவர் சிறையில், நீதிமன்றக் காவலில் இருக்கிறார் என்று கொள்கிறேன். புலனாய்வுக்காகக் காவல் துறை அவரைத் தன் வசம் கேட்டால், நடுவர் மொத்தம் 15 நாட்கள் வரை அனுமதிக்கலாம். புதிய சட்டத்தின் 187-ஆம் பிரிவின்படி இந்த 15 நாட்களைத் தொடர்ச்சியாகவோ பகுதி பகுதியாகவோ, இவ்வகைக் குற்றத்தில் முதல் 40 நாட்களுக்குள் கேட்க முடியும். ஆகவே ஒரு முறை சிறைக்கு அனுப்பப்பட்டதால் இனிப் போலீஸ் காவல் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். போலீஸ் காவல் கேட்டு மனு வந்தால், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையையும் மருத்துவப் பரிசோதனையையும் அப்போதே வலியுறுத்துங்கள்.

இவ்வகைக் குற்றத்தில் குற்றப்பத்திரிகை 60 நாட்களுக்குள் தாக்கல் செய்யப்படாவிட்டால், பிணை பெறுவது அவருடைய உரிமையாகிவிடும். 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரணம் ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களில் இது 90 நாட்கள். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம் போன்றவற்றில் இது இன்னும் நீளலாம். ரிமாண்ட் செய்யப்பட்ட ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் இந்தப் பிணை தானாக வராது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே மனு செய்ய வேண்டும். ஒரு நாள் முந்திக் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே 61-ஆவது நாள் காலையில் மனு தயாராக இருக்கட்டும். வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லையெனில் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள்; காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.